பின்சக்கரத்துக் கல்

மாலை ஆறரை இருக்கும். லுணுகலையிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற ரோடு. மார்கழி மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னால் போகிறவன் முதுகு தெரியாத மூடுபனி... அந்த ஏற்றத்தில் ஒரு வேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக்கில் காலை அழுத்தியபடி ஒரு மனிதர், யாரோ வந்து வேனைத் தட்டுவார்கள் என்று காத்திருக்கிறார்.

கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். நடுவில் கேள்வி கேட்டால் எழுந்து போய்விடுவேன். இது நம் மதுசூதனனின் சொந்தப் பெரியப்பாவுக்கு நடந்தது.

அவர் பெயர் இரகுநாதன். பதுளையில் விஞ்ஞான வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சத்தியபாமா மிட்வைஃபாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றால் மற்றவர்கள் மேல்மாடி கட்டுவார்கள். இவர்களோ ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகைக் கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். போனது லுணுகலைக்கு மேலே, மண் சரிந்து பள்ளிக்கூடத்துப் பாதை அறுந்துபோன ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்வார், அந்த அம்மா தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கர்ப்பிணிகளைப் பார்ப்பார். சம்பளம் கிடையாது. குளிர் காலம் முழுக்க வேனில்தான் குடித்தனம். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். அவர்கள் கிடக்கிறார்கள்! அப்படிச் சந்தோஷமாக இருந்த ஒரு ஜோடியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

வேனில் ஒரே ஒரு கோளாறு. ஹேன்ட் பிரேக் பிடிக்காது. அதனால் ஏற்றத்தில் நிறுத்தும்போது அவர் பிரேக்கை மிதித்தபடியே இருப்பார். அந்த அம்மா இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். வீட்டில் உடைந்துபோன அம்மியின் துண்டு அது. வைத்துவிட்டு வேனில் இரண்டு தட்டு... டொக், டொக். அப்புறம்தான் அவர் காலை எடுப்பார். காலையில் கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டு ஒரே ஒரு தட்டு. பிறகு பக்கத்துக் கதவு சர்ரென்று இழுபடும், பலகைக் கட்டில் கிறீச்சிடும். ஏறிவிட்டாள் என்று அர்த்தம். அதைக் கேட்காமல் அவர் வேனை நகர்த்தியதே இல்லை.

மார்கழியில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடமாடினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் கெஞ்சினார். லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிற நேரம், பிள்ளை பிறக்கட்டும், போகலாம் என்றார் அந்த அம்மா. பிள்ளை பிறந்தது. விடிவதற்குள் அந்த அம்மா, அந்தப் பலகைக் கட்டிலிலேயே... முடிந்துவிட்டார். தோட்டத்து லொறியில்தான் கொண்டுபோனார்கள். வேன் அங்கேயே நின்றது.

காரியமெல்லாம் முடிந்ததும் இரகுநாதன் திரும்பி வந்துவிட்டார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார். வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் நிஜம்.

முதல் நாள் லயத்துப் பையன் ஒருவன் கல்லை எடுத்து ஓரத்தில் போட, டவுனுக்கு இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். அதே இடத்தில் நிறுத்தினார். பழக்கத்தில் கால் பிரேக்கை விட்டு வர மறுத்தது. கல் வைக்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.  மிதித்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அழுதார்.

டொக்... டொக்.

காலை எடுத்தார், வேன் உருளவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு அடியில் அம்மித் துண்டு. மழையில் நனைந்து, கச்சிதமாக. சுற்றிலும் கோடாலித் தைல வாசம்.

பயமா? அவருக்கா? அந்த மனிதர் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். காலையில் ஒரு தட்டு, கதவு, கட்டில். மாலையில் இரண்டு தட்டு. இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். திரும்பி மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம்.

சார் தனியாகப் பேசுகிறார் என்று லயத்து ஆட்கள் மதுசூதனனுக்குப் போன் பண்ணினார்கள். அவன் அடித்துப்பிடித்துக்கொண்டு போனான். எங்களோடு பதுளைக்கே வந்துவிடுங்கள் என்று மன்றாடினான். அவர் யோசித்தார். வேனோடு வருவதென்றால் சரி என்றார். வேன் வந்தால் அவளும் வருவாள் அல்லவா? அந்தக் கணக்கு மதுசூதனனுக்குத் தெரியாது.

காலையில் அவர் என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தார். பெரியப்பா ஏன் நிற்கிறார் என்று பார்த்தான் இவன். ஓகோ, கல்! குதித்து இறங்கினான், கல்லை எடுத்தான், போகலாம் என்பதற்கு வேனை ஒரு தட்டுத் தட்டினான். முன் கதவால் ஏறி அடித்துச் சாத்தினான். பிள்ளை நல்லதுதான் நினைத்தான், பாவம். தட்டும் கதவும் கேட்ட அவசரத்தில் அவரும் வேனை எடுத்துவிட்டார்.

பசறை வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒரு பெரிய வளைவில் அவர் காதைத் தீட்டிக் கேட்டார். பின்னால் கட்டில் கிறீச்சிடவில்லை.

"கல்ல யாருப்பா எடுத்தது?"

"நான்தான் பெரியப்பா."

வேனை ஓரங்கட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை என்று மதுசூதனன் இப்போதும் சொல்வான்.

"அப்ப அவ ஏறலடா... விட்டுட்டு வந்துட்டோம்."

திருப்பிக்கொண்டு பறந்தார். அதே ஏற்றம். அதே இடம். பிரேக்கில் கால். பகல் போயிற்று, மூடுபனி இறங்கிற்று, கால் மரத்துப்போயிற்று. தட்டு விழவில்லை. கடைசியில் மதுசூதனன்தான் அழுதுகொண்டே போய்க் கல்லை வைத்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. அந்த வாரமே மரக்கறி லொறிக்கார நிஸாம், தோட்டத்துக்குக் கீழே லொறியை நிறுத்தி டயர் பார்த்திருக்கிறான். பின்னால் டொக், டொக். போனால் ஆள் இல்லை. சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். தைல வாசம். அடுத்து ஒரு முச்சக்கர வண்டிக்காரனுக்கு, இன்னும் கீழே. அடுத்து பசறைக்கு அருகில் ஒரு வேனுக்கு... அந்த அம்மா இறங்கி வந்துகொண்டிருக்கிறார், ஐயா. வேன் வேனாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு.

மதுசூதனன் ஓடிப்போய்ச் சொன்னான். பெரியப்பா அசையவில்லை.

"நான் எறங்கினா மறுபடி மாறிப் போயிருவோம். தொலஞ்சவங்கள்ல ஒருத்தராச்சும் ஒரே எடத்துல நிக்கணும்."

இன்றைக்கும் சாயங்காலமானால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் வந்த வேன் வெளியே முற்றத்தில்தானே நிற்கிறது? சமதரை. கல் வைக்கத் தேவையே இல்லை. நான் உள்ளே வரும்போது பின்சக்கரத்துக்கு அடியில் ஒன்று இருந்தது. ஈரமாக.

ஓடாதீர்கள். தட்டுச் சத்தம் கேட்டால் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்... சார் மேலேயே நிக்கிறாரும்மா, திரும்பிப் போங்க என்று.