விருந்துக்கு வந்த பனிக்கட்டி

விழாத் தலைவர் தோர்கில் அவர்களே, பொருள் தந்து பனியைக் காக்கும் புரவலர்களே, கிரீன்லாந்தின் குளிரில் துளையிட்டும் துவளாத தோழர்களே, பிள்ளைகளைப் பனிக்கு அனுப்பிவிட்டு வழிபார்த்திருந்த தாய்மார்களே, கோபன்ஹேகன் பெருமக்களே, வணக்கம்!

நம் ஆய்வு நிலையத்தின் ஆண்டு விழாவில் வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்து வரவில்லை, வயிறுதான் எரிகிறது!

கையிலுள்ள விஸ்கிக் கோப்பையைக் காதருகே வையுங்கள். உள்ளே பனிக்கட்டி படபடவென்று வெடிக்கிறதே, கேட்கிறதா? எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த பனி அமுங்கி அமுங்கிக் கட்டியானபோது, அன்றைய காற்றைக் குமிழிகளில் அடைத்து வைத்தது. அந்தக் காற்றுதான் உங்கள் கோப்பையில் தப்பி ஓடுகிறது!

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "வருசா வருசம் குடிக்கிறதுதானே, இதுக்கு ஏன்யா கத்துறே?"

நல்ல கேள்வி! வருடாவருடம் குடித்தது ஆய்வுக்கு உதவாதென்று செதுக்கிக் கழித்த பனித்தூள். நானும்தான் குடித்தேன். இது தூளா? இல்லை, இது விபேகேயின் கட்டி!

விபேகே எங்கள் ஆய்வாளர். இதே அடுக்கின் ஒரு துண்டைக் காற்றகற்றிய கலத்தில் நொறுக்கி, வெளிவந்த காற்றில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை அளந்தாள். யாரும் அதுவரை காணாத ஏற்றம்! காற்று இப்படித் திடீரென மாறுமா? மாறியதென்றால் இனியும் மாறாதா? நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் ஒருமுறை அளந்தால் அது சந்தேகம். மறுமுறையும் அளந்தால்தான் சான்று. மறுமுறைக்கென்று மிச்சமிருந்தவை பெட்டிக்கு ஒன்றாக இரண்டே துண்டுகள். இரண்டையும் பெட்டிகளோடு விருந்துக்கு எடுத்து வந்துவிட்டார் தலைவர்!

செய்தி கேட்டு விபேகே ஓடி வந்தாள். "சார், அது அளக்க வச்சிருந்த கட்டி."

"அட போம்மா! கிரீன்லாந்து முழுக்க ஐஸ்தானே? புரவலருங்க முன்னாடி மானத்தை வாங்காதே."

"வீடு முழுக்கக் காகிதம் இருக்குன்னு வீட்டுப் பத்திரத்தை அடுப்புல போடுவீங்களா சார்?"

தலைவர் என்ன செய்தார்? சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏன் மணியடிக்கிறீர்கள் தலைவரே? அடியுங்கள், நன்றாக அடியுங்கள்! பசி வந்தால் விதைத் தானியத்தையா வறுத்துத் தின்பது? தோண்டி எடுத்தவன் விரல் கறுத்தது, சுமந்து வந்தவன் தோள் கிழிந்தது. எதற்காக? உங்கள் கோப்பை குளிர்வதற்கா? பனி கேட்காது, காற்று கேட்காது. நாம் கேட்க வேண்டாமா? அளக்காமல் குடித்துத் தீர்த்துவிட்டு, காலம் கெட்டுவிட்டது என்று நாளை யாரிடம் புலம்புவது?

"போதும்பா, முடி! ரெண்டாவது ரவுண்டு ஊத்தணும்" என்கிறார் முன்வரிசைக்காரர்.

முடிக்கிறேன் ஐயா. முதல் பெட்டி உங்கள் வயிற்றில். அதை மீட்க வழியில்லை. இரண்டாம் பெட்டியை என் பேச்சு முடிந்ததும் உடைப்பதாக ஏற்பாடு. அதனால்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அதோ, வாசலில் விபேகே வெறுங்கையோடு திரும்பி வந்து நிற்கிறாள். பெட்டி நிலையத்தின் குளிர் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாளைக் காலை அளப்பாள்.

பொறுமையாகக் கேட்டு அவளுக்கு நேரம் வாங்கித் தந்த உங்கள் அனைவருக்கும், குறிப்பாக இருக்கையை விட்டு எழாமல் மணியடித்த தலைவருக்கும், நன்றி! வணக்கம்!