அச்சிடுமுன் படிக்கவும்

எனக்குக் கலைந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால்கூட அலமாரியில் சாய்ந்து கிடக்கும் புத்தகங்களை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். கல்வி அலுவலகத்தில் பாடத்தாள்களுக்கான இணையதளத்தை என்னிடம் ஒப்படைத்ததற்கும் இந்தக் குணம்தான் காரணம்.

நான் கைவைக்கும் முன் அந்தத் தளம் மூட்டை பிரித்துக் கொட்டிய துணிக்கடை மாதிரி இருந்தது. மூன்றாம் வகுப்புக் கழித்தல் பயிற்சி வரலாற்றுக்குள் கிடக்கும். நான் எல்லாவற்றையும் வகுப்பு, பாடம், அலகு என்று பிரித்தேன். ஒவ்வொரு தாளையும் ஒரே பக்கத்தில் அடங்க வைத்தேன். கறுப்பு மை மட்டும் உள்ள பிரிண்டரிலும் தெளிவாக வரட்டும் என்று படங்களைக் கோட்டுச் சித்திரங்களாக மாற்றினேன். தலைப்பில் ‘அச்சிடுமுன் படிக்கவும்’ என்று ஒரு வரியும் போட்டேன்.

அப்புறமும் போன் ஓயவில்லை. தேடும் பெட்டி கண்ணெதிரே இருக்கும்போதே, இலைப் படம் எங்கே இருக்கிறது, நீங்களே அனுப்பிவிடுங்களேன் என்பார்கள். படிக்க ஏது நேரம், வந்ததை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு தலைமையாசிரியர் பாராட்டாகவே சொன்னார்.

உண்மையிலேயே யாரும் படிப்பதில்லையா என்று சோதித்துப் பார்த்தேன். தவளைப் படத்தில் ஐந்தாவதாக ஒரு கால் வரைந்தேன். அந்தத் தவளை எத்தனையோ வகுப்பறைச் சுவர்களில் தொங்கியது. பிள்ளைகள் அழகாகப் பச்சை அடித்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னப் பிழை உறுத்தவில்லை என்றால் பெரிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. வாக்குமூலத்தில், கோபத்தில் செய்ததாகத் தயவுசெய்து எழுதாதீர்கள். யோசித்துத்தான் செய்தேன்.

பத்தாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தாளில் அமிலமும் தண்ணீரும் வரும் இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கீழே இருந்த எச்சரிக்கையையும் எடுத்துவிட்டேன். விட்டிருந்தால் தாள் முன்னுக்குப் பின் முரணாக இருந்திருக்கும்.

அந்தத் தாளை முதலில் எடுத்தது என் மனைவியின் தங்கை. அவள் படித்தது கணிதம். வேதியியல் ஆசிரியர் விடுப்பில் போனதால், புதிதாக வந்த அவள் தலையில் அந்த வகுப்பைக் கட்டியிருந்தார்கள். அவள் ஊற்றிக் காட்டும்போது, முன் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி ஆர்வமாக எட்டிப் பார்த்திருக்கிறாள். இனி அந்தப் பெண்ணுக்குப் பார்வை வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே வரிகளைச் சரியாக மாற்றி வைத்தேன். பழைய பிரதி கணினியில் தங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். போலீஸ்காரர்கள் நீங்கள் விசாரிக்க வருவீர்கள் என்றும் தெரியும். அதற்குள் மைத்துனி, தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலையும் போயிற்று. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்த மாணவியின் அம்மா மைத்துனியைப் பிடித்து உலுக்கியபோதுகூட அவள் தாளின் மேல் பழி போடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் உங்களிடம் மறைத்த ஒன்று உண்டு. அக்காவின் குடும்பம் குலைந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள். அன்று காலை, வகுப்புக்குப் போகுமுன் எனக்குப் போன் செய்தாள்.

"அத்தான், உங்க தாளைப் படிச்சேன். தண்ணியில ஆசிட்டா, ஆசிட்ல தண்ணியா? என்னவோ மாறி இருக்கிற மாதிரி தோணுது."

யாராவது ஒருவர் அப்படிக் கேட்க மாட்டார்களா என்று எவ்வளவு காலமாக ஏங்கியிருக்கிறேன். ஆனால் நேற்று வேலைக்கு வந்தவள், என் வீட்டுப் பெண், என் தளத்தில் பிழை சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"என் தளத்துல தப்பு வராதும்மா," என்றேன். "போட்டிருக்கிறபடியே செய்."

ஆசிரியர்கள் யாரும் படிப்பதில்லை. அந்தக் கருத்தில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை.