மெஷின் எழுதிய மன்னிப்பு

உப்புவெளி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“மெஷின் எழுதினதைப் பார்த்து, நான் சாகப்போறன் எண்டு மகள் பயந்திட்டாள்.”

“எந்த மெஷின்?”

“கம்பஸில செயற்கை நுண்ணறிவு விழா வைச்சவையெல்லோ, அங்க. மூண்டு மாசமா மகளோட கதை பேச்சில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவிச்சு, ஃபோனில அனுப்பினனான்.”

“பிறகு?”

“‘அன்பு மகளே, என் பிழைகளை உணர்கிறேன்’ எண்டு கிடந்தது. உடனே கொழும்பில இருந்து கோல். ‘அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்? டொக்டர் என்ன சொன்னவர்?’ எண்டு அழுறாள். விசரி, எனக்கொண்டும் இல்லை எண்டு நல்லா ஏசினன். அதுக்குப் பிறகுதான் அழுகையை நிப்பாட்டினவள். வெள்ளிக்கிழமை வாறாளாம்.”

“அப்ப வாயால மன்னிப்புக் கேட்டனீங்களோ?”

“நான் ஏன்? அதுதான் மெஷின் கேட்டிட்டுதே.”