மனப்பாடமான பூசை

திருத்தந்தை கௌதியோசுக்குக் கால் சீக்கிரம் சில்லிட்டுவிடும். அதனால் காலுறைகளைக் கணப்பருகே வைத்துச் சூடாக்கித்தான் போட்டுவிடுவேன். லாத்தரன் அரண்மனையில் ஒன்பது வருடம் அவருடைய அறைப் பணியாளனாக இருந்தேன். மலை தாண்டி விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் முதலில் என்னைக் கூப்பிட்டது நியாயம்தான்.

பூசையில் அவருக்குப் புத்தகம் பிடிப்பதும் நான்தான். ஒருநாள் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். அவர் ஒரு சொல்கூடத் தடுமாறாமல் முடித்தார். உடை மாற்றும்போது கேட்டார்:

"ஏன்டா மௌரு, எழுத்தெல்லாம் இன்னைக்குத் தலைகீழா நின்னுச்சே, பாத்தியா?"

"மன்னிச்சிருங்க சாமி."

"விடு. முப்பது வருசமா எனக்கு அது மனப்பாடம். வெளிய சொல்லிடாதே, அப்புறம் உனக்கு வேலை இருக்காது."

பிரபு அதெல்பெர்த்து தன் தம்பியைத் திருத்தந்தை ஆக்க விரும்பினார். கௌதியோசு இருக்கும்வரை அது நடக்காது. கொன்றுவிடலாம் என்றார்கள் பிரபுவின் ஆட்கள். நான்தான் தடுத்தேன்.

"எதுக்குங்க கொலை? கண்ணு தெரியாதவர் பூசை வைக்க முடியாது. பூசை வைக்காதவர் திருத்தந்தையா இருக்க முடியாது. அது போதுமே."

"பாருங்கடா, செருப்புத் துடைக்கிறவன் சட்டம் பேசுறான்" என்று பிரபு சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். இவர் உயிரோடு இருப்பது என் அந்தப் பேச்சால்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் ஊர்வலம் சந்து திரும்பும் இடத்தில் பிரபுவின் ஆட்கள் காத்திருந்தார்கள். அவருடைய குதிரையின் கடிவாளம் என் கையில் இருந்தது. அங்கே நிறுத்தினேன். வலி குறைவாக இருக்கட்டும் என்று கத்தியை நானே தீட்டிக் கொடுத்திருந்தேன். கண்களைத் தோண்டி முடித்ததும் அவர்கள் கிளம்பப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பார்வை போனாலும் இவரால் பூசை வைக்க முடியும். அது தெரிந்தால் மறுபடி வந்து கொன்றேவிடுவார்கள்.

"நில்லுங்க, இவருக்கு எல்லாம் மனப்பாடம்" என்றேன்.

"அதுக்கு?" என்றான் ஒருவன்.

நான் அவருடைய தாடையைப் பிடித்து வாயைத் திறந்தேன்.

புதிய திருத்தந்தைக்கும் இப்போது நான்தான் உடுத்திவிடுகிறேன். ஞாயிறு மதியம், கௌதியோசை வைத்திருக்கும் மடத்துக்குப் போய் அவருக்குப் பருப்புக் கூழ் ஊட்டுகிறேன். மௌரு வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் ஊட்டுகிறேன். வாங்கிக்கொள்கிறார். மனதில் குறை இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். இந்த இரண்டு வருடத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.