ஃபிரிட்ஜுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். ஊசி போட்டதே தெரியவில்லை என்பார்கள். சின்னக் குழந்தைகள்கூட என்னிடம் அழுவதில்லை. விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது தேவையில்லாத பேச்சாகத் தெரியலாம். ஆனால் அந்தக் கைராசியை நம்பித்தான் அத்தனை பேரும் கையை நீட்டினார்கள்.

ஒவ்வொரு வருடமும் மழை ஓயும் சமயத்தில் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுவோம். இலவசம்தான். இருந்தும் வரமாட்டார்கள். நாளெல்லாம் நோயாளிகளுக்கு ஊசி குத்துகிற நர்ஸ், தன் முறை வந்தால் சாப்பிடப் போய்விடுவாள். டாக்டர்கள் இன்னும் மோசம், ஊருக்குத்தான் உபதேசம். தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான நர்ஸ் நான். போன வருடம் பாதிப் பேர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. மீட்டிங்கில் எங்கள் மேட்ரன் ஆண்டாள் மேடம் எல்லோர் முன்னாலும், "கனகா, உன்னால ஆகலைன்னா சொல்லிடு, வேற யாரையாவது பாத்துக்கறேன்" என்றார். அது எனக்கு உறைத்தது.

இந்த வருடம் ஆள் ஆளாகப் போய்ப் பேசினேன். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். துப்புரவு வேலை செய்கிற தேவம்மா ஹனூர்ப் பக்கத்துக்காரி. "ஏனுங் சிஸ்டர், போன வருசம் ஊசி போட்டவளுக்குத்தானுங்க காய்ச்சல் வந்துச்சு. எனக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்றாள். நானும் அதே பக்கத்து மார்டள்ளியில் பிறந்தவள்தானே, அவள் பாஷையிலேயே பேசினேன். "ஒரு நா ஒடம்பு வலிக்கும், அவ்வளவுதான். ஊட்டுல பேத்தியத் தூக்கறது யாரு, நீதானே? அவளுக்குக் காய்ச்சலக் கொண்டுபோயி ஒட்ட வைக்கப் போறியா?" என்றேன். பட்டியலில் தன் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

ஸ்வாதிதான் கஷ்டமாக இருந்தாள். காய்ச்சல் வார்டு நர்ஸ். கல்யாணமாகிப் பல வருடம் கோயில் கோயிலாகச் சுற்றி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேண்டிக்கொண்டு வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை. "அக்கா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது அல்வா?" என்று, 'இல்லையா' என்பதற்குக் கன்னட 'அல்வா' போட்டு, இரண்டு பாஷையும் கலந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆகாது, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் காவல் அது என்றேன். அது சத்தியமான வார்த்தை. தடுப்பூசியைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவள் சரி என்றதும் வேலை சுலபமாகிவிட்டது. "வயித்துப் பிள்ளைக்காரியே போட்டுக்கறா, உங்களுக்கென்ன கேடு?" என்று ஒரு வார்த்தை சொன்னேன். லேபிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர்வரை எல்லோரும் தலையாட்டினார்கள்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் மெஷினிலிருந்து சக்கர நாற்காலிவரை துடைத்துப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தோம். என் அறையில் தடுப்பூசி ஃபிரிட்ஜைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டேன். சீரியல் பல்பு போட்டால் இன்னும் லட்சணமாக இருக்கும் என்று தோன்றியது. அங்கே வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றுதான். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பல்பைச் செருகினேன். பூஜை முடிந்ததும் திரும்ப மாட்டலாம் என்றிருந்தேன். மேடம் கூப்பிட்டார், அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் விஜயதசமி, ஊர்வலம், தெருவெல்லாம் அடைப்பு, எனக்கு விடுமுறை.

அதற்கும் மறுநாள்தான் முகாம். காலையில் அறையைத் திறந்தேன். பல்புகள் அழகாக மினுக்கிக்கொண்டிருந்தன. ஃபிரிட்ஜுக்குள் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது.

சூடு ஏறிய தடுப்பூசி தண்ணீருக்குச் சமம், கொட்டிவிட வேண்டும். நர்சிங் படிக்கிற முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது அது. எனக்கும் தெரியும். ஆனால் பால் கெட்டால் நாற்றம் வரும், இதற்கு வராது. வெளியே வரிசை நின்றுவிட்டது. தேவம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றாள், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு. நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு கஷ்டப்பட்டு வரவழைத்த நம்பிக்கை. "இன்றைக்கு இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொன்னால் அவர்கள் இன்னொரு முறை வருவார்களா? என் தவறை மறைக்கத்தான் செய்தேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். இல்லை. அவர்களுடைய ஆர்வத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் ஊசியை நான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மேடம் ஆசைப்பட்டார். ஊழியர்கள்தான் முக்கியம், நான் கடைசியில் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று ஒருவர்கூட விடுபடவில்லை. அடுத்த மீட்டிங்கில் மேடம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

குளிர் தொடங்கியதும் காய்ச்சல் வார்டு நிரம்பியது. ஸ்வாதி என்னிடம் வந்து, "அக்கா, டெலிவரி ஆகறவரைக்கும் வேற வார்டு கேட்டுப் பாக்கட்டா?" என்றாள். மேடம் என்னைத்தான் கேட்டார். மாற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளை மாற்றினால், அப்புறம் ஊசி எதற்குப் போட்டோம் என்று மற்றவர்கள் கேட்பார்கள். "என் கையால போட்ட ஊசி மேடம், அவ பயப்படவே வேண்டாம்" என்றேன். ஸ்வாதியும் அதைக் கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து இரட்டை மாஸ்க் போடுவதையும் விட்டுவிட்டாள், மூச்சு முட்டுகிறது என்று.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி இறங்கியது, எங்கள் ஐசியூவிலேயே இறந்துபோனாள். எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறைக்கவில்லை. குழந்தையை எடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள். வராந்தாவில் அவள் புருஷன் சந்துரு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டும் இப்படி ஆயிடுச்சே அக்கா" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "போடாம இருந்திருந்தா கொழந்தையும் தங்கியிருக்காதுப்பா" என்றேன். அவனுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். தண்ணீர் என்று தெரிந்துதான் போட்டேன். தண்டனை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். எனக்கே தடுப்பூசியில் நம்பிக்கை இல்லை என்று ஆண்டாள் மேடம் சொல்லியிருக்கிறாராம். அது அபாண்டம். முகாம் முடிந்த அன்று சாயங்காலமே விஜயநகரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அவர்கள் ஃபிரிட்ஜைத் திறக்கச் சொல்லி, ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, என் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.