தவக்காலத்தில் எலும்பு சுட்ட உபதேசியார்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் இளைஞர் மன்றத்தை எப்போதும் ஒரு கண்ணால் சந்தேகமாகவே பார்க்கும் பெரியோர்களே, வடகவுஞ்சித் தாய்மார்களே, இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து இங்கே குடியேறிய உறவுகளே, வணக்கம்.

நான் மைக்கைப் பிடித்தாலே சிரிப்பீர்கள். இன்று சிரிக்க வைக்க என்னால் ஆகாது. உபதேசியார் இருதயசாமி ஐயா இல்லை. கோயில் மணிக்கும் முன்னால் எழுந்து நம்மை ஜெபத்துக்குக் கூப்பிட்ட அந்தக் குரல் இல்லை.

குடியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்த ஓடைக்கரை நிலத்துக்காக அவரைப்போல் யார் பாடுபட்டார்? அங்கே பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்த ஒருவன், அதன் விஷத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு எண்பதாம் ஆண்டில் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். பெயர்தான் ஈயம், நமக்கு அது எதையும் ஈயவில்லை. அங்கே விளைந்த கீரையைத் தின்ற வேலம்மா அக்காவின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மதுரையில் மண்ணைச் சோதித்தவர்கள் ஐயாவுக்கு வழி சொன்னார்கள். சுட்ட எலும்புத் தூள், சுண்ணாம்பு, மக்கிய சாணம் மூன்றையும் சேர்த்தால் ஈயத்தை மண்ணுக்குள்ளேயே கட்டிப்போடலாம், மறுசோதனை வரை உண்ணும் பயிர் கூடாது என்றார்கள்.

ஐயாவுக்கு அவசரம். கறிக்கடை எலும்பைச் சேர்த்து எரித்தார். அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதை மறந்தே போனார்! கஞ்சி குடித்துவிட்டுச் சிலுவைப்பாதைக்கு வந்த ஊர் முழுக்கக் கறி சுட்ட வாசனை. அதுவும் நமக்கு நோன்பு சொல்லும் உபதேசியார் தோட்டத்திலிருந்து! தெரசம்மாள் சித்தி கோயில் வாசலிலேயே மறித்தார்.

"ஏன் உபதேசியாரே, எங்களுக்குக் கஞ்சி, உங்களுக்குச் சுக்கா வறுவலா?"

ஐயா சாம்பல் படிந்த கைகளை நீட்டினார். "நான் திங்கலம்மா. மண்ணுக்குப் போடுறேன். நாளைக்குப் பிள்ளைக திங்கணும்ல."

அதன்பிறகு சித்தி வீட்டு உரலில்தான் எலும்பு இடிபட்டது.

மழை, பனி பாராமல் அவர் சுமந்த சாணக்கூடையை யார் மறப்பார்? போன மழையில் அந்த நிலத்தில் முதல் புல் தலைகாட்டியது. அதைத் தடவிப் பார்த்து அழுதார். மறுசோதனைக்கு மண் எடுக்க இருந்த வாரத்தில்தான் நெஞ்சுவலி அவரை எடுத்துக்கொண்டது.

அடக்கம் முடிந்த மறுநாளே ஒரு பேச்சு கிளம்பியது. புல் வந்துவிட்டதே, மலைப்பூண்டு ஊன்றலாமே என்று. நேற்று வேலம்மா அக்காவே கேட்டார்: "தம்பி, நெலம் பச்சையாத்தானே கெடக்கு. இன்னும் எம்புட்டு நாளைக்கு நாங்க கூலிக்கே போறது?"

இப்போது சொல்கிறேன் அக்கா. புல்லுக்கு வயிறு வலிக்காது. பிள்ளைக்கு வலிக்கும், அது உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை எங்கள் மன்றம் அந்த மண்ணை மதுரைக்குக் கொண்டுபோகும். நல்லது என்று பதில் வரும்வரை வேலிக்குள் ஒரு பூண்டுப்பல்கூட ஊன்ற விடமாட்டோம். கெட்டது என்று வந்தால் மறுபடியும் சாணம் சுமப்போம். நீங்கள் ஏசினால் வாங்கிக்கொள்வோம்.

ஐயா, விளைச்சலை நீங்கள் பார்க்கவில்லை. நாங்களும் சீக்கிரம் பார்ப்போமா, தெரியாது. ஆனால் அந்த நிலத்தால் இன்னொரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். இது சத்தியம்.