கொம்புப் பொடி

அக்கா: கத்தாத. அவ உள்ள தூங்கறா.

தம்பி: கத்தாம? என் வீட்டு அலமாரியத் தொறந்து, என் பொண்டாட்டியோட மருந்த எடுத்துட்டுப் போயிருக்க. எவ்வளவு எடுத்த?

அக்கா: ஒரு சிட்டிகை.

தம்பி: கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?

அக்கா: மாட்ட.

தம்பி: ...சரி, மாட்டேன். அதுக்காகத் திருடுவியா? அதுவும் கூடப் பொறந்தவ!

அக்கா: டேய், நாள் முழுக்க ஆய்வுக்கூடத்துல நான் என்ன பண்றேன்னு தெரியுமா உனக்கு?

தம்பி: எலிக்கு முடி எண்ற.

அக்கா: முடி, நகம், குளம்பு, கொம்பு... இதையெல்லாம் உண்டாக்கற ஜீன் எந்த மிருகத்துல எப்படி மாறிச்சுன்னு பாக்கறேன். என் பொழப்பே அதான். என் தம்பி வீட்டுலயே ஒரு டப்பா, அதுமேல 'காண்டாமிருகக் கொம்பு'ன்னு சீட்டு. பாத்துட்டு நான் கையக் கட்டிட்டு நிப்பேனா?

தம்பி: சரி, பாத்தாச்சுல்ல? என்ன சொல்லுது உன் மிஷினு?

அக்கா: மாட்டுக் குளம்பு.

தம்பி: ...என்னது?

அக்கா: மாடு. அதோட காலு. அதோட நுனி. செருப்பு மாதிரி தரையில தேயுமே, அது. அரைச்சு, கொஞ்சம் வாசனை போட்டு, டப்பாவுல அடைச்சுக் குடுத்திருக்கான், உனக்கு வித்தவன்.

தம்பி: உன் மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்.

அக்கா: மூணு தடவ பாத்துட்டேன். எனக்கும் ஆசையா இருக்குமா, என் தம்பி ஏமாளின்னு நிரூபிக்க?

தம்பி: இருக்கும். சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அந்த ஆசை உண்டு.

அக்கா: வெளாடாத. ஒருவேளை நிசமாவே காண்டாமிருகம்னு வெச்சுக்க. அப்பவும் அதுல ஒண்ணும் கெடையாதுடா! உன் சுண்டு விரல் நகத்துல என்ன இருக்கோ, அதேதான் அங்கயும். கெரட்டின். ஒரு உசுரக் கொன்னு, மூஞ்சிய வெட்டி எடுத்துட்டு வர்றானுங்க... எதுக்கு? நகத்துக்கு!

தம்பி: நகமும் கொம்பும் ஒண்ணா? அவ்ளோ பெரிய மிருகம், அதோட பலமெல்லாம்...

அக்கா: பலம் கொம்புலயா இருக்கு? கேளு. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, முடின்னு ஒண்ணே இல்லாத காலம். அப்பவே நகம் இருந்துச்சு. பல்லியோட நகத்துல இருக்கற கெரட்டின் ஜீனும், உன் தலைமுடியில இருக்கற ஜீனும் பங்காளிங்க.

தம்பி: அதான் எனக்கு செவுத்துல ஏற வருது போல.

அக்கா: ...லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் பேசற பேச்சப் பாரு. அந்த ஜீன் என்ன பண்ணுச்சு, தன்னையே நகல் எடுத்துச்சு. நகலுக்கு நகல். அண்ணன் தம்பிங்க வேற வேற வேலைக்குப் போற மாதிரி, ஒண்ணு முடிக்குப் போச்சு, ஒண்ணு தோலுக்கு, ஒண்ணு குளம்புக்கு, ஒண்ணு நாக்கு மேல இருக்கற சொரசொரப்புக்கு. பாலூட்டிங்க இத்தன தினுசா இருக்கறதே அதனாலதான். திமிங்கலம் தண்ணிக்குள்ள எறங்கிச்சு, முடி எதுக்குன்னு ஆயிப்போச்சு. அந்த ஜீனெல்லாம் அதுக்குள்ள இன்னும் பழுதாக் கெடக்கு, பூட்டின கட மாதிரி. நமக்குக்கூட ஒண்ணு பழுது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது ஒழுங்கா வேலை செய்யுது.

தம்பி: ஆக, கொரங்கவிட நாம மட்டம்.

அக்கா: உன்னப் பாத்தா அப்படித்தான் தோணுது.

தம்பி: அப்ப நகத்தக் கடிக்கறவன் பூரா மருந்து சாப்பிடறானாக்கும்.

அக்கா: அதேதான்! அவனுக்காவது அது காசில்லாமக் கெடைக்குது. அதுலயும், நம்ம வயித்துக்கு இது செரிக்கவே செரிக்காது. பூன தன் முடியத் தானே முழுங்கிட்டு மூலையில போய் வாந்தி எடுக்குமே, பாத்ததில்ல? அந்தக் கருமத்தத்தான் நீ தெனம் காலையில தண்ணியில கரைச்சு அவளுக்கு நீட்டற.

தம்பி: வாந்தியப் பத்தி நீ பேசாத.

அக்கா: ஏன்?

தம்பி: டி.பி.ன்னு சொல்லி ஆஸ்பத்திரியில மாத்திர குடுத்தாங்களே, அதப் போட்டுட்டு அவ வாளியக் கட்டிப் புடிச்சிட்டே உக்காந்திருந்தா. கண்ணெல்லாம் மஞ்சள். தண்ணி குடிச்சாலும் வெளிய வரும். நீ பாத்தியா அத? நான் பாத்தேன். முதுகத் தடவிக் குடுக்கறதத் தவிர என்னால என்ன பண்ண முடிஞ்சுச்சு?

அக்கா: ...எனக்குத் தெரியும்டா.

தம்பி: தெரியாது. பொடி வித்த அந்தாளு சொன்னான், இதக் குடுத்துப் பாருங்க, ஆனா மாத்திரையோட சேத்தா விஷமாயிடும்னு. நிறுத்தினேன்.

அக்கா: விஷமாயிடுமாம்! ஏன் அப்படிச் சொன்னான்னு யோசிச்சியா? மாத்திரையும் போட்டுக் கொணமாயிட்டா, பேரு மாத்திரைக்குப் போயிடும்ல? அதுக்கு! டி.பி. மாத்திரைய நடுவுல நிறுத்தினா என்ன ஆகும்? மறுபடி வரும்போது அந்த மாத்திரையே கேக்காது. அவன் குளம்ப மட்டுமா வித்தான்? அவ மூச்சையே விலை பேசியிருக்கான், ராஸ்கல்! கையில கெடைச்சா...

தம்பி: நிறுத்து. எல்லாம் சரி. நீ படிச்சவ, பல்லி, திமிங்கலம், கொரங்கு எல்லாம் உன் பக்கம். எனக்கு ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு.

அக்கா: கேளு.

தம்பி: அவ எப்படித் தேறினா? வாந்தி நின்னுச்சு. இருமல் கொறைஞ்சுச்சு. வெறும் எலும்பா இருந்தவ, இப்ப பழைய ரவிக்க பத்தலங்கறா. மாடியேறி வந்து துணி காயப் போடறா. மாத்திர இல்ல, ஊசி இல்ல. இந்தப் பொடி மட்டுந்தான். வெறும் நகம்னா எப்படித் தேறினா?

அக்கா: அது... சில நேரம் ஒடம்பு தானாவே...

தம்பி: தானாவே! இப்பத்தான் மாத்திர இல்லன்னா அவ்வளவுதான்னு குதிச்ச. மிஷின் பொய் சொல்லாதுங்கற, அப்ப என் கண்ணு மட்டும் பொய் சொல்லுதா? படிச்ச திமிரு உனக்கு! எனக்குப் புரியாததெல்லாம் உனக்குத் தெரியும், உனக்குப் புரியாதது எதுவும் ஒலகத்துலயே இல்ல...

மனைவி: அண்ணி, போதும். சொல்லிடுங்க.

அக்கா: நீ ஏன் எழுந்து வந்த? போய்ப் படு.

மனைவி: தெருமுனைக்கே கேக்குது, எனக்குக் கேக்காதா? என்னங்க... இப்படி உக்காருங்க.

தம்பி: நீயே சொல்லும்மா இவகிட்ட. பொடி குடிச்சுத்தான் தேறினேன்னு.

மனைவி: அத நான் ஒருநாளும் வாயில வெக்கல.

தம்பி: ...காலையில நான்தானே கலக்கிக் குடுக்கறேன்?

மனைவி: நீங்க சட்ட மாட்டப் போவீங்க. நான் தொட்டியில கொட்டிட்டு டம்ளரக் கழுவி வெச்சிடுவேன். நீங்க வேலைக்குக் கெளம்பினதும் அண்ணி வந்து என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வாந்தி வருதுன்னு சொன்னதும் டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுத்தாரு. ஒரு வேளகூட விட்டதில்ல. சக்கர டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு, போய்ப் பாருங்க.

அக்கா: உன்கிட்டச் சொல்லலாம்னுதான் நெனைச்சோம். நீ இருந்த இருப்புல, தெரிஞ்சா அதையும் புடுங்கிப் போட்டுடுவியோன்னு பயந்துட்டோம்.

மனைவி: டம்ளர நீட்டும்போது உங்க மொகத்துல ஒரு நம்பிக்க தெரியும். அதக் கெடுக்க மனசு வரலங்க.

அக்கா: கோவம்னா திட்டு. வாங்கிக்கறேன்.

மனைவி: என்னங்க... யாருக்கு போன் போடறீங்க?

தம்பி: எடுக்க மாட்டேங்கறான்... எடுடா...

அக்கா: யாருடா?

தம்பி: என்கூட லிஃப்ட் வேல பாக்கறவன்க்கா. அவங்க அம்மாவுக்குச் சக்கர வியாதி, தெனம் இன்சுலின் போட்டுட்டு இருந்தாங்க. போன வாரம் அவங்க இங்க வந்தப்ப, தூங்கிட்டு இருந்த இவளக் காட்டி நான்தான் சொன்னேன்... 'என் பொண்டாட்டி மொகத்தப் பாருங்கம்மா, இந்தப் பொடியக் குடிங்க, அந்த ஊசியத் தூக்கிப் போடுங்க'ன்னு. போட்டுட்டாங்கக்கா.